1578ஆம் ஆண்டின் ஒரு தலைப்பு வரி

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் மூத்தது ‘தம்பிரான் வணக்கம்’. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான, 16 பக்கமே உள்ள சிறு கிறித்தவ மறைக்கல்வி நூல் அது. அதற்கு முன் 1554இல் லிஸ்பனிலேயே ஒரு தமிழ் நூல் அச்சேறிவிட்டது என்றாலும், அதில் தமிழ் ரோமன் எழுத்தில்தான் இருந்தது. முத்துக்குளித்துறையில் பரதவர்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, அவர்களிடம் தமிழ் கற்று, 1600இல் அந்தக் கரையிலேயே மறைந்த போர்ச்சுகீசியத் துறவி என்றிக்கே என்றிக்கஸ்தான் இந்த நூலைத் தமிழாக்கியவர்.

சில நாள்களாக அதன் முதல் பக்கத்தின் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லாததால் அதைப் பார்த்து வார்த்த ஈய எழுத்துகளிலும் புள்ளி இல்லை. ‘தமபிரான வணககம’ என்றே அச்சாகியிருக்கிறது. புள்ளிகளை நாமே இட்டுக்கொண்டால் தலைப்பு இவ்வாறு வரும்: ‘கொம்பஞ்ஞிய தெ சேசூ வகையில் அண்டிறிக்கிப் பாதிரியார் தமிழிலே பிறித்தெழுதின தம்பிரான் வணக்கம்’. அண்டிறிக்கிப் பாதிரியார் என்பவர் என்றிக்கஸ்தான். இந்த ஒற்றை வரியை இன்றைய வாசகர் ஒருவரிடம் கொடுத்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நிற்பார். அதற்குக் காரணம் சொற்கள் அழிந்துபோனதல்ல. பெரும்பாலானவை இன்றும் நம் வாயில் புழங்குகின்றன, வேறு பொருளில்.

முதலில் ‘கொம்பஞ்ஞிய’. லயோலா இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபையைப் போர்ச்சுகீசியர் அழைத்த பெயரின் ஒலிவடிவம் அது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1600இல்தான் பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், வணிகக் குழுமத்தை அல்ல, ஒரு துறவியர் கூட்டத்தைக் குறித்தே இந்தச் சொல் தமிழ் அச்சில் முதலில் ஏறியது என்பது விளங்கும். பிறகு ‘கும்பினி’ வந்தது; வரி கேட்ட கும்பினி, பாளையக்காரர்களோடு போரிட்ட கும்பினி. கட்டபொம்மன் கதைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த தென்மாவட்டத்தாருக்கு அந்தச் சொல்லில் இன்றும் வெடிமருந்து வாடை அடிக்கும். அதற்கும் பின்னால், ஆங்கில உச்சரிப்பின் வழியாகத் தனியே வந்து சேர்ந்தது ‘கம்பெனி’. ஊர் ஊராகக் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனியும், மகன் வேலைக்குப் போகும் கம்பெனியும், ‘கொஞ்ச நேரம் கம்பெனி கொடு’ என்று நண்பனைக் கேட்கும் கம்பெனியும் அந்த மூன்றாம் வரவைச் சேர்ந்தவை. இவை மூன்றையும் ஒரே சொல்லின் வளர்ச்சியாகக் காட்டுவது பிழை என்றே கருதுகிறேன். ஒரே ஐரோப்பிய வேரிலிருந்து வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கப்பலில் வந்து இறங்கிய உறவுக்காரர்கள் இவர்கள்.

‘வகையில்’ என்பது இங்கே ‘சபையைச் சேர்ந்த’ என்னும் பொருளில் நிற்கிறது. ‘தம்பிரான்’ சைவர்களின் சொல். சுந்தரரைத் ‘தம்பிரான் தோழர்’ என்று போற்றுவதில் அந்தத் தம்பிரான் சிவபெருமானே. அதே சொல்லைக் கிறித்தவரின் இறைவனுக்கு வைத்தார் என்றிக்கஸ். அதன் பிறகு கிறித்தவர்கள் சர்வேசுரன், பராபரன், தேவன் என்று வேறு பெயர்களுக்குப் போய்விட, தம்பிரான் சைவ ஆதீனத் துறவியரின் பட்டமாக நிலைத்தது. இறைவனைக் குறித்த சொல் இறைவனுக்குத் தொண்டு செய்பவரைக் குறிக்க வந்து நின்றிருக்கிறது.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்த சொல் ‘பிறித்தெழுதின’. இந்த வரியில் அதற்கு ‘மொழிபெயர்த்த’ என்று பொருள். ‘மொழிபெயர்த்தல்’ தமிழுக்குப் புதிய சொல் அல்ல. தொல்காப்பிய மரபியலே வழிநூலின் வகைகளில் ஒன்றாக ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்பதைச் சொல்கிறது. ஆயினும் இந்தத் தலைப்பில் அச்சேறியது இலக்கணநூல் சொல் அன்று. ஒரு மொழியிலிருந்து பிரித்தெடுத்து இன்னொன்றில் எழுதுவது என்று யாரோ ஒருவர் நேராக எண்ணிச் சொன்ன சொல்லாகவே அது எனக்குத் தோன்றுகிறது. அந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த அன்று மாலை, என் அக்கா மகள் தமிழ்ப் பாடப் பயிற்சியை எழுதிக்கொண்டிருந்தாள். ‘பிரித்தெழுதுக: செந்தமிழ்’ என்று கேள்வி. ‘செம்மை + தமிழ்’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனாள். இன்று தமிழ்நாட்டில் பள்ளியில் படித்த எவருக்கும் இந்தச் சொல்லுக்கு அந்த ஒரு பொருள்தான் உண்டு.

‘வணக்கம்’ இவை எல்லாவற்றையும்விட நீண்ட வழி நடந்து வந்தது. அதன் அடியில் இருப்பது வளைதல். ‘சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்’ என்னும் குறளில் வில்லின் வளைவும் வணக்கமே, பகைவனின் பணிவான பேச்சும் வணக்கமே. ஒரே சொல்லின் இரண்டு பொருள்களையும் எதிரெதிரே நிறுத்தித்தான் வள்ளுவர் எச்சரிக்கிறார். 1578இல் அது வழிபாடு. இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் ‘நமஸ்காரம்’ இருந்த இடத்தில் அதை அமர்த்திய பின்னரே, மேடையில் பேச்சைத் தொடங்கவும் முடிக்கவும், வழியில் பார்ப்பவரிடம் முகமன் கூறவும் உரிய சொல்லாக அது பரவியது. பழைய பொருள் முழுதும் போய்விடவில்லை. கத்தோலிக்கர்கள் மே மாதத்தை இன்றும் மாதாவின் ‘வணக்க மாதம்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே முகமனுக்கு இடமே இல்லை, வழிபாடு மட்டும்தான்.

ஒரு சொல் அச்சில் முதலில் வந்த ஆண்டு அதன் பிறந்த ஆண்டு ஆகாது. ஓலையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த சொற்கள் நம்மிடம் ஏராளம். ஆனால் ஓலை பெரும்பாலும் தேதி சொல்லாது. நாளும் ஊரும் போட்டு வந்த அச்சுப் பக்கம், அந்த நாளில் அந்தக் கரையில் அந்தச் சொல் இந்தப் பொருளில் நின்றது என்று உறுதி கூறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனை நான் அன்றாடம் புரட்டுகிறேன். அதைத் தொகுத்தவர்களின் உழைப்பை நினைத்தால் கை கூப்பத் தோன்றும். இருந்தாலும் அது மேற்கோள் நூலின் பெயரைத் தருகிறதே தவிர ஆண்டைத் தருவதில்லை. எந்தப் பொருள் முன்னே வந்தது, எது எப்போது விலகியது என்பதைப் படிப்பவரே நூல்களின் காலத்தைத் தேடிக் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஆண்டு குறித்த மேற்கோள்களோடு தமிழுக்கு ஒரு வரலாற்று அகராதி வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதில் ‘பிறித்தெழுது’ என்னும் பதிவைத் திறந்தால், மொழிபெயர்த்தல் என்ற பொருளும், அதன் எதிரே ‘1578, கொல்லம்’ என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.