கையடக்க லினக்ஸ் கருவிக்கு ஒரு புதிர்த் தொகுப்பு: என் இறுதியாண்டு புராஜெக்ட் அனுபவம்

இறுதியாண்டு புராஜெக்டுக்கு என்ன எடுக்கலாம் என்று ஜூனியர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: நன்றாக எழுதப்பட்ட ஒரு திறமூல மென்பொருளை (மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பது) எடுத்து, அது இதுவரை ஓடாத ஒரு கருவியில் ஓட வையுங்கள். புதிதாக ஒன்றை எழுதுவதைவிட இதில் அதிகம் கற்றுக்கொள்ளலாம். நான் கற்றேன்.

என் அத்தை மகன் வளைகுடாவிலிருந்து வந்தபோது தன் பழைய ஆன்பெர்னிக் ஆர்ஜி351பி கருவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். 3.5 அங்குலத் திரை, 480க்கு 320 பிக்சல், ஆர்கே3326 சிப், 1 ஜிபி ராம். உள்ளே ஆர்க்ஓஎஸ் என்ற லினக்ஸ். பழைய விளையாட்டுகளுக்கான பொருளாகத்தான் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். எனக்கோ அது கைக்குள் அடங்கும் முழு லினக்ஸ் கணினியாகத் தெரிந்தது.

முதலில் ஒரு பெரிய முப்பரிமாண விளையாட்டை எடுத்து ஒரு மாதம் வீணாக்கினேன். அதற்குக் கணினிகளில் இருக்கும், முப்பரிமாணப் படங்களை வரைய உதவும் முழு ஓப்பன்ஜிஎல் வேண்டும். இந்தக் கருவியில் இருப்பது சிறு கருவிகளுக்கான அதன் சுருக்க வடிவமான ஓப்பன்ஜிஎல் இஎஸ். இடையில் மொழிபெயர்த்துக் கொடுக்க ஜிஎல்4இஎஸ் என்ற நூலகம் உண்டு, ஆனால் ஒரு செமஸ்டரில் தனி ஆளாக முடிக்கிற வேலை இல்லை அது. புராஜெக்ட் தலைப்பை முன்வைக்கும் ஜீரோத் ரிவ்யூவில் "விளையாட்டை வைத்து என்ன புராஜெக்ட்?" என்ற கேள்வியும் வந்தது. அன்று பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

அப்புறம் எடுத்ததுதான் சைமன் டாதமின் புதிர்த் தொகுப்பு. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் புட்டி என்ற மென்பொருளை எழுதியவர்தான் இவர். சி மொழியில் எழுதிய சுமார் 40 சிறு புதிர்கள், யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமம். இதைத் தேர்ந்தெடுத்த காரணம் அதன் கட்டமைப்பு. புதிரின் விதிகள் ஒரு பக்கம், திரையில் வரைவதும் பட்டனை வாங்குவதும் இன்னொரு பக்கம், நடுவில் மிட்எண்ட் என்ற ஓர் அடுக்கு. புதுக் கருவிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் வரையும் பக்கத்தை மட்டும் புதிதாக எழுதினால் போதும். கோடு, செவ்வகம், பலகோணம், வட்டம், எழுத்து, டைமர் என்று எழுத வேண்டிய ஃபங்ஷன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் எந்த மென்பொருளை எடுத்தாலும், 'எவ்வளவு எழுத வேண்டும்' என்று எண்ணிச் சொல்ல முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

முதல் 3 வாரம் ஒரு வரி கூட எழுதவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லைக்குச் செங்கோட்டை பாசஞ்சரில்தான் தினமும் போய்வந்தேன். சேரன்மகாதேவி தாண்டும்வரை அந்தத் தொகுப்போடு வரும் டெவலப்பர்களுக்கான ஆவணத்தைப் படிப்பேன். பேட்டை வரும்போது அன்று படித்ததைத் தமிழில் நாலு வரி நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டுதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

அந்தத் தொகுப்பின் லினக்ஸ் முகப்பு ஜிடிகே என்ற நூலகத்தில் எழுதியது. அது இங்கே உதவாது, ஏனென்றால் கருவியில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ கிடையாது. அதனால் நேராகத் திரையில் வரைய உதவும் எஸ்டிஎல்2 நூலகம் கொண்டு புது முகப்பு எழுதினேன். மடிக்கணினியில் அழகாக ஓடியது. கருவியில் போட்டதும், லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.34 இல்லை என்று ஒரு வரி, அவ்வளவுதான், நின்றுவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், போர்ட் செய்யும், அதாவது மென்பொருளை வேறு கருவிக்குக் கொண்டுபோகும் எல்லாரும் இதில் விழுவார்கள். ஜிலிப்சி 2.34 பதிப்பு 2021இல் வந்தது. அதில் தனியாக இருந்த த்ரெட் நூலகத்தை முதன்மை நூலகத்தோடு சேர்த்தார்கள். நிரல் தொடங்கும் இடமே புதுப் பதிப்பு எண்ணைப் பெற்றது. ஆகவே புதிய உபுண்டுவில் கம்பைல் செய்த எந்த பைனரியும் (இயந்திரம் ஓட்டும் கோப்பும்), வெறும் வணக்கம் சொல்லும் நிரலாக இருந்தாலும், 2.34ஐக் கேட்கும். கருவியில் இருந்ததோ அதைவிடப் பழையது. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. நான் ஜிலிப்சி 2.28 உள்ள டெபியன் 10 என்ற பழைய லினக்ஸில், கருவியின் சிப் வகையான ஆர்ம் 64 பிட்டுக்கான பதிப்பை என் மடிக்கணினிக்குள்ளேயே டிபூட்ஸ்ட்ராப் என்ற நிரல் வழியாக நிறுவி, ஆர்ம் சிப்பைப் போல நடிக்கும் கியூஇஎம்யு துணையோடு அதற்குள் கம்பைல் செய்தேன். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் சின்ன மென்பொருளுக்குப் பாதகமில்லை. இப்போது டெபியன் 10 அதன் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கிறது, முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது திரை மினுங்கியது. ஒரு ஃபிரேமில் கட்டங்கள் தெரியும், அடுத்ததில் மறையும். இந்தப் புதிர்கள் மாறிய கட்டத்தை மட்டும்தான் மறுபடி வரையும், முன்பு வரைந்தது அப்படியே இருக்கும் என்று நம்பும். எஸ்டிஎலோ படத்தை வைக்கும் இரண்டு நினைவகப் பகுதிகளை, அதாவது பஃபர்களை, மாற்றி மாற்றிக் காட்டுகிறது. திரைக்கு வராத ஒரு தனிப் படத்தில், அதாவது டெக்ஸ்சரில், எல்லாவற்றையும் வரைந்து, ஒவ்வொரு முறையும் அதை முழுசாகத் திரைக்கு நகலெடுத்ததும் சரியானது. பட்டன்கள் விஷயம் ஒரு மாலையில் முடிந்தது. மவுஸ் இல்லாமல் வசதிப்படாத சில புதிர்களுக்கு மட்டும் அனலாக் குச்சியால் ஒரு சுட்டியை நகர்த்தினேன்.

உண்மையான பாடம் தமிழில்தான் வந்தது. மெனுவும் விதிகளும் தமிழில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். விளையாட்டு எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதிலும் அதுவே: சிறிய திரையில் தமிழைச் சரியாகக் காட்டுவது ஒரு பொறியியல் வேலை.

ஒருநாள் கருவியை ஆச்சியிடம் கொடுத்தேன். தினமும் பேப்பர் படிக்கிறவள். பார்த்துவிட்டு, "ஏட்டி, கொம்பு என்ன எழுத்துக்குப் பின்னால போய் நிக்கு?" என்றாள். 'தொடங்கு' என்பதில் த முதலிலும், கொம்பும் காலும் அதற்குப் பின்னாலும் கிடந்தன. யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், உயிர்க்குறி பிறகு என்றுதான் சேமிக்கிறோம். கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது ஹார்ஃப்பஸ் போன்ற ஷேப்பிங் நூலகத்தின் வேலை. எஸ்டிஎல்லுக்காக எழுத்துகளை வரையும் எஸ்டிஎல் டிடிஎஃப் நூலகத்தில் 2.0.18 பதிப்பு முதல்தான் அந்த வசதி. என் மடிக்கணினியில் புதியது இருந்தது, டெபியன் 10இல் 2.0.15. புதியதை ஹார்ஃப்பஸ்ஸோடு நானே கம்பைல் செய்து என் ஃபோல்டரிலேயே சேர்த்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகும் சில வரிகள் பாதியில் உடைந்தன, மடிக்கணினியில் உடையவில்லை. 2 நாள் தூக்கம் போச்சு. வரியை மடக்குவதற்கு நான் எழுதிய ஃபங்ஷனில், ஒரு பைட் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் அது தமிழ் எழுத்தின் பகுதி, அங்கே வெட்டக் கூடாது என்று சோதித்திருந்தேன். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், முதல் பைட்டின் மதிப்பு 224. மடிக்கணினியின் எக்ஸ்86 சிப்பில் ஜிசிசி கம்பைலர் கேரக்டர் வகையைக் குறியுள்ளதாக (மைனஸ் எண்ணும் வரக்கூடியதாக) எடுக்கும், அங்கே 224 மைனஸ் 32 ஆகிவிடும். ஆர்ம் லினக்ஸில் அதே வகை குறியற்றது, 224 என்றால் 224தான். என் சோதனை அங்கே ஒருமுறைகூட உண்மையாகவில்லை. தெளிவாகக் குறியற்ற வகை என்று அறிவித்து, 128ஓடு ஒப்பிட்டதும் தீர்ந்தது. ஆங்கிலம் மட்டும் காட்டியிருந்தால் இந்தப் பிழை இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. மூல ஆசிரியர்களின் கோப்புகள் எவை, நான் திருத்தியவை எவை, முழுக்க நான் எழுதியவை எவை என்று தனி அத்தியாயம் வையுங்கள். எம்ஐடி உரிமத்தின் வாசகத்தையும், எழுத்துருவின் உரிமத்தையும் கருவியில் போடும் ஃபோல்டரிலேயே சேர்த்துவிடுங்கள். வைவாவில் "இதில் நீ செய்தது என்ன?" என்ற கேள்வி நிச்சயம் வரும். மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) மென்பொருளில் வேறுபாட்டைத் திறந்து காட்டினால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொரு பிழைக்கும் தேதி, வந்த செய்தி, காரணம், தீர்வு என்று நோட்டில் எழுதி வையுங்கள். முழு சார்ஜோடு, நகலெடுத்த இன்னொரு எஸ்டி கார்டும் கொண்டு போங்கள்.

என் வைவாவில் ஸ்லைடுகளை நான் பாதிகூடக் காட்டவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கருவியைக் கையில் வாங்கி, சோலோ என்ற சுடோகுவைத் திறந்தார். விதிகளைத் தமிழில் படித்தார். "மடிக்கணினியில் வராத பிழை இதில் ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். நோட்டில் 224 எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். அதிலிருந்தே 20 நிமிடம் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்த டீம் உள்ளே வந்து நின்றபோதும் கருவி அவர் கையில்தான் இருந்தது, மூன்றாவது வரிசையில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி.