டிஃப் லாக்: மழைக்காலப் பாதைக் குறிப்புகள்

2025 ஜூன் 8, ஞாயிறு

இரவு பெய்த மழையில் ஏற்றத்துச் செம்மண் நன்றாக ஊறியிருக்கிறது. நடுவே வலப்பக்கம் ஒரு பள்ளம். வலது முன்சக்கரம் அதில் இறங்கியதும் இடது பின்சக்கரம் எழும்பிவிடும். ஃபோர்-லோ (நான்கு சக்கரமும் தாழ்ந்த கியரில் இயங்கும் நிலை) போட்டிருந்தாலும் வண்டி அங்கேயே நிற்கும். பாரமில்லாத இரண்டு சக்கரமும் சும்மா சுழலும், மண்ணில் பதிந்த இரண்டும் அசையாது. ஓர் ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டு எஞ்சின் விசையைப் பங்கிடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் ஒரே அளவு விசைதான் தரும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைச் சுழற்ற விசையே வேண்டியதில்லை என்பதால், பிடியுள்ள சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போகிறது. ஃபோர்-லோ விசையைக் கூட்டும், பங்கீட்டை மாற்றாது.

பின் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் பின் லாக்கைப் போட்டால் இரு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும், எந்தப் பக்கம் பிடி இருக்கிறதோ அங்கே விசை போய்ச் சேரும். போட வேண்டிய இடம் பள்ளம் அல்ல. அதற்கு ஒரு வண்டி நீளம் முன்னால். நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக்கி, லாக் போட்டு, டேஷ்போர்டில் விளக்கு நிலையாக எரிந்த பிறகு ஏறுங்கள். விளக்கு எரியாவிட்டால் லாக்கின் பற்கள் இன்னும் நேருக்கு நேர் வரவில்லை. அரை மீட்டர் உருட்டினால் போதும். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் உரசும், சட்டென்று பிடித்தால் மொத்த அடியும் ஆக்ஸில் ஷாஃப்டில் இறங்கும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, சக்கரம் முழுக்க நின்றபின் போடுங்கள்.

ஜூன் 15, ஞாயிறு

கையில் இருப்பது எந்த வகை லாக் என்று முதலில் தெரிய வேண்டும். ஃபோர்ஸ் குர்காவில் முன், பின் இரண்டுக்கும் ஓட்டுநரே போடும் லாக். நான்கு சக்கர இயக்கம் உள்ள மஹிந்திரா தார் ராக்ஸில் பின்பக்கத்துக்கு மட்டும் பொத்தானில் போடும் மின் லாக். மூன்று கதவுத் தாரில், அது உள்ள மாடல்களில், தானாகப் பிடிக்கும் மெக்கானிக்கல் லாக். மாருதி ஜிம்னியில் லாக் கிடையாது. சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து, மறுபக்கத்துக்கு விசை போகச் செய்யும் ஏற்பாடு. அதற்குச் சக்கரம் முதலில் சுழன்றாக வேண்டும். சுழன்றதும் பயந்து காலை எடுத்துவிட்டால், பிரேக் பிடிக்கும் நேரத்தில் கடத்துவதற்கு விசையே இருக்காது. சீராக மிதித்தபடி ஓரிரு விநாடி பொறுக்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

தாரின் மெக்கானிக்கல் லாக் பிடிக்கவே இல்லை என்ற புகார் பல இடங்களில் வருகிறது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். இரு பின்சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் அது பிடிக்கும். தாரின் 255/65 ஆர்18 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.48 மீட்டர். அதாவது ஒரு சக்கரம் நிற்க, மற்றது மணிக்கு 15 கி.மீ. வேகத்துக்குச் சமமாகச் சுழல வேண்டும். ஃபோர்-லோ முதல் கியரில் ஐடிலில் ஊர்ந்தால் அந்த வேகம் வராது.

ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பின்னால் ‘டக்’ என்று கேட்கும்வரை சுழலவிடுங்கள். பிடித்ததும் அதே அளவில் கால் நிற்கட்டும். நடுவில் காலை எடுத்தால் விசையின் திசை மாறி லாக் விட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. விட்டுவிட்டு மிதிப்பது இதற்குப் பரம எதிரி.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவைத்து எஞ்சினை ஓட்டி கியரில் போடாதீர்கள். தூக்கிய சக்கரம் வேகமெடுத்ததும் லாக் பிடித்து, தரையிலுள்ள சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

ஜூலை 6, ஞாயிறு

பக்கவாட்டுச் சரிவு, மேலே வழுக்கும் களி. இங்கே லாக் எடுத்துவிட வேண்டும். இதை ஏற்க மறுப்பவர்கள் நிறைய; பிடி குறைவான இடத்தில்தானே லாக் வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆனால் டயரின் பிடி ஒன்றுதான். முன்னே தள்ளவும் அதுதான், பக்கவாட்டில் சறுக்காமல் தாங்கவும் அதுதான். லாக் இல்லாதபோது பாரம் குறைந்த மேல்பக்கச் சக்கரம் சுழலும், கீழ்ப்பக்கச் சக்கரம் ஏறக்குறைய நின்றபடி நங்கூரமாக இருக்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழன்று, அந்த ஆக்ஸில் மொத்தமாகச் சரிவில் இறங்கும். பின் லாக் என்றால் வண்டியின் பின்பகுதி கீழ்நோக்கிப் போய், முகம் மேட்டைப் பார்க்கும். முன் லாக் என்றால் மூக்கு சரியும். அப்போது ஸ்டியரிங்கும் கேட்காது.

லாக்கோடு சரிவில் நுழைந்துவிட்டால் முதலில் காலை எடுங்கள். சக்கரம் சுழல்வது நின்றால் சறுக்கலும் பெரும்பாலும் நிற்கும்.

ஜூலை 20, ஞாயிறு

பாறைப் படிகள். பின் லாக் முதலில். அது போதாவிட்டால் மட்டும் முன் லாக், அதுவும் கடைசி இரண்டு மூன்று மீட்டருக்கு. முன் லாக் போட்டதும் ஸ்டியரிங் கனத்து, தானே நேராகத் திரும்பப் பார்க்கும். முழுக்க ஒடித்து வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன் ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட் (சக்கரம் திரும்பியிருந்தாலும் விசையைக் கடத்தும் மூட்டு) உடையும், காட்டில் நேரும் பழுதுகளில் மோசமானது அது. ஆகவே வண்டி போக வேண்டிய வழியை முதலிலேயே நடந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திரும்பித்தான் ஆக வேண்டுமென்றால் நிறுத்தி, முன் லாக்கை எடுத்துத் திரும்பி, நேரானபின் மறுபடி போடலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மணல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ-க்கு இறக்குங்கள். பெரும்பாலும் லாக் தேவைப்படாது.

கெட்டித் தரை வந்ததும் லாக்கை எடுக்க மறப்பதால்தான் பெரிய சேதம். ஒன்றரை மீட்டர் அகல ஆக்ஸில் 90 டிகிரி திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 2.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும், கிட்டத்தட்ட டயரின் ஒரு முழுச் சுற்று. சேற்றில் அது வழுக்கித் தீர்ந்துவிடும். தார்ச்சாலையில் டயர் தேயும், ஷாஃப்ட் முறுகும். ஸ்விட்சை அணைத்தும் விளக்கு எரிந்தால் அந்த முறுக்கம்தான் பற்களைப் பிடித்துவைத்திருக்கிறது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஓரிரு மீட்டர் மெதுவாகப் பின்னால் எடுங்கள், விடுபடும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பராமரிப்பு. காற்றில் இயங்கும் லாக்கர் பொருத்தியிருந்தால், லாக் போட்ட நிலையில் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் எங்கோ கசிகிறது. காற்றுக்குழாய் சைலன்ஸர் பக்கம் உருகியிருக்கலாம், அல்லது ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது நீளம் போதாமல் இழுபட்டிருக்கலாம். ஆழமான தண்ணீரைக் கடந்த வண்டிகளில் டிஃப் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்த நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை அன்றே மாற்றி, ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஊதிப் பார்க்க வேண்டும்.