தண்ணி வந்துருச்சா?

ஜூலை 6, 2024, சனி

அப்பாயியை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். ராத்திரிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அத்தை தோளைப் பிடிப்பாள், நான் இடுப்பைப் பிடிப்பேன். இடுப்பில் கை பட்டால் அப்பாயி கத்துவதில்லை, பல்லைக் கடித்துக்கொள்கிறாள். கத்தினால் பரவாயில்லை.

முதுகுக்குக் கீழே இருக்கும் புண் போன வாரம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்தது. இன்றைக்கு அளந்து பார்க்க மனசு வரவில்லை.

ஜூலை 8, திங்கள்

"ஆத்துல தண்ணி வந்துருச்சா?"

காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. வழக்கமாக மேட்டூர் அணையைத் திறக்கிற ஜூன் 12 வந்து போய்விட்டது. மேட்டூரில் தண்ணீர் இல்லை, அணையைத் திறக்கவில்லை. இதை அப்பா எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் அதே கேள்விதான். அப்பாயிக்கு ஜூன் என்றெல்லாம் கிடையாது. ஆனி பிறந்தால் புது ஆற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், தண்ணி வரணும், அவ்வளவுதான்.

நாங்கள் எல்லோரும் பிறந்ததையும் அவள் அப்படித்தான் வைத்திருக்கிறாள். நான் தண்ணி வந்த மூணாம் நாள். சித்தப்பா, தண்ணி நின்று கதிர் பால் பிடிக்கும்போது. அத்தை, தண்ணியே வராத வருஷம். அதனால்தான் அவளுக்கு இப்படிக் கோபம் வருகிறதாம். அத்தை இதை இன்றைக்கும் சிரிக்காமல்தான் கேட்டுக்கொண்டாள்.

ஜூலை 9

கஞ்சி நாலு கரண்டி. போதும் என்று கையைக் காட்டினாள்.

ஜூலை 13, சனி

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

மத்தியானம் அழுதாள். வலிக்கு அழாதவள் தண்ணிக்கு அழுதாள். "நாத்து முத்திப் போயிரும்டி, யாருமே போயிப் பாக்க மாட்டேங்கிறீங்களே" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாற்றே விடவில்லை என்று எப்படிச் சொல்வது? "வந்துருச்சு அப்பாயி, காலையில பாலத்துக்கிட்ட பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நொர தள்ளிக்கிட்டு வந்துச்சா?"

"ஆமா."

"சருகெல்லாம்?"

"எல்லாம் வந்துச்சு."

கையை விட்டுவிட்டாள். இத்தனை நாளில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஜூலை 14, ஞாயிறு

நான் நினைத்தது தண்ணி வந்தது என்றால் நிம்மதியாகத் தூங்குவாள் என்று. அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ராத்திரி பூரா பேச்சு. பன்னிரண்டு ஆள் நடவுக்குச் சொல்லியிருக்காம், ஆளுக்கு ரெண்டு உருண்டைச் சோறு, கருவாட்டுக் குழம்பு, புளி கரைச்சாச்சா? மடையை யார் பார்க்கிறது? வரப்பில் நண்டு வளை இருக்கும், மிதிச்சு அடைக்கச் சொல்லு. போர்வைக்கு மேலே வலது கை போய்ப் போய் வந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, இடது கையில் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பிய்த்துப் பிய்த்து ஊன்றுகிறாள். கட்டைவிரலும் ரெண்டு விரலும் சேர்ந்து ஒரே அளவாக இறங்கி எழுந்தன. ஊன்றிவிட்டு ஒரு சாண் நகர்த்தி இன்னொன்று.

நாலு மணி அலாரம் அடித்தபோதும் நட்டுக்கொண்டுதான் இருந்தாள். புரட்டுவதற்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

1987ல் தாத்தா போனபோது ஆறு மா நிலம், மூன்று பிள்ளைகள். சொந்த நடவு ஒரு நாளில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஊரார் நடவு ரெண்டு மாசம். அப்பாவின் ஐடிஐ, சித்தப்பாவின் பாலிடெக்னிக், அத்தையின் தோடு மூக்குத்தி எல்லாம் இந்த மூன்று விரலில் வந்தது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒண்ணு. அம்மா தலைக்குக் குளித்து விளக்கேற்றினாள். அப்பாயி கேட்கவில்லை. இப்போதெல்லாம் கேட்பதே இல்லை.

ஜூலை 19, வெள்ளி

கர்நாடகத்தில் மழை. கபினி நிரம்பித் திறந்துவிட்டார்கள், மேட்டூருக்கு வரத்து ஏறுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் இந்த வருஷம் கேட்ட முதல் நல்ல செய்தி இது.

உள்ளே போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். என்னவென்று சொல்வது? தண்ணி வரப்போகுது அப்பாயி என்றால், அப்ப அன்னைக்கு வந்தது என்னது?

ஜூலை 20, சனி

காலைத் துடைத்துவிட்டேன். அறுபது வருஷச் சேறு போகவே போகாது. குதிகால் வெடிப்பில் கறுப்புக் கோடு கோடாக நிற்கிறது, வெந்நீரில் ஊறவைத்தும் வரவில்லை. விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறிய வெள்ளைத் தழும்பு. நடவு நாளில் ராத்திரி மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டு காலைத் தூக்கிச் சுவரில் வைத்தபடி எங்களுக்குக் கதை சொல்வாள். அவள் அம்மா, பத்து வயசில், புது ஆறு வெட்டியபோது மண் சுமந்த கதை. 1934ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து முடிந்த வாய்க்கால். அது வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் மானம் பார்த்த பூமி. "எங்காத்தா சொமந்த ஆறுடி அது"ன்னு சொல்லும்போது குரலில் ஒரு அதிகாரம் வரும்.

கடைமடையில் இருக்கிறவர்களுக்கு அந்த அதிகாரம் மட்டும்தான் மிச்சம். கல்லணையில் திறந்து, வழியெல்லாம் பங்கு போய், முறை வைத்து, கடைசியாகத்தான் எங்களுக்கு.

ஜூலை 22, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று சித்தப்பா போனில். கொண்டுபோய் என்ன என்று அத்தை. ரெண்டு பேரும் அழுகிறார்கள்.

சாயங்காலம் தெளிவாக இருந்தாள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"தவள கத்தலயேடி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தாள், ரெண்டு தட்டு.

ஜூலை 23

தெரிந்துதான் தட்டிக்கொடுத்தாளா?

ஜூலை 25, வியாழன்

விடியற்காலை 4.10. அலாரத்துக்குப் புரட்டப் போனோம்.

ஜூலை 27, சனி

சாம்பலை ஆற்றில் கரைக்க ஆற்றில் தண்ணி இல்லை. மல்லிப்பட்டினம் கடலுக்குக் கொண்டுபோனார்கள். உப்புத் தண்ணியில். வாழ்நாளில் கடலுக்கு மூன்று தடவை போயிருப்பாளா? கடல் காற்று வயலுக்கு ஆகாது என்று சொல்கிறவள்.

அப்பா வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். 2018ல் கஜா புயல் அடித்த விடிகாலையும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தென்னை நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு சாய்ந்து கிடந்தது. அப்பாயிதான் முதலில் எழுந்தாள். விழுந்த மரங்களில் இளநீரைப் பறித்துச் சேர்த்தாள், மூணு கல் வைத்து அடுப்பு மூட்டினாள். வெளியூரிலிருந்து கம்பம் நட வந்த கரண்டுக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு வாரம் பொங்கிப் போட்டாள். "ஒக்காந்தா மரம் நிமிருமா"ன்னு அப்பாவைக் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

இன்றைக்கு யார் தூக்குவது? நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

ஜூலை 28, ஞாயிறு

மேட்டூர் அணை திறந்தார்கள்.

மூன்று நாள்.

ஜூலை 31, புதன்

நேற்று சாயங்காலம் அணை 120 அடி நிரம்பிவிட்டது. இன்றைக்குக் கல்லணை. டிவியில் பூத் தூவுகிறார்கள். அம்மா எழுந்து போய் நிறுத்திவிட்டாள்.

நான் சொன்ன பொய்க்கு அவள் முகம் அப்படி மலர்ந்ததே. அதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்தப் பொய்யால்தானே அந்த ராத்திரி பூரா தூங்காமல் நட்டாள். களைத்துப் போனது அதனாலா? அத்தையிடம் கேட்டேன். "ஏண்டி, நட்டதாலயா எங்கம்மா செத்துச்சு? நட்டுத்தாண்டி உசுரோட இருந்துச்சு" என்று சொல்லி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அத்தை என்னிடம் இப்படி இருந்ததில்லை.

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. துக்க வீடு, எங்களுக்கு இல்லை. ஊரில் மற்றவர்கள் ஆற்றுக்குப் போகவில்லை, தண்ணி இன்னும் வரவில்லை. பம்புசெட்டுத் தொட்டியில் கும்பிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா மறைவாகக் கொஞ்சம் காப்பரிசி கொடுத்தாள். வெல்லம் கசிந்து சொதசொதவென்று இருந்தது. அப்பாயி அரிசியை ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்துவாள். எவ்வளவு நேரம் என்று அம்மாவுக்கும் தெரியாது.

அத்தனையும் அவள் கைப்பட நடக்கும். படித்துறைக்குப் போனதும் மேல்படியில் நின்றுகொள்வாள். மஞ்சள் கயிறு, காதோலைக் கருகமணி எதையும் தொடமாட்டாள். தாலி இல்லாதவளாம். மூன்று பிள்ளைகளைத் தனியாகக் கரையேற்றியவளுக்குக் கடைசிப் படியில் இடமில்லை. சின்ன வயசில் நான் ஒரு தரம் கையைப் பிடித்து இழுத்தேன். "விடுடி, இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றாள். அன்றைக்கு அதை நம்பினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பதினாறு. எழுபது பேருக்குச் சாப்பாடு. கால் நிற்க முடியவில்லை. வாக்கரையும் காத்து மெத்தையையும் வாடகைக் கடைக்காரர் வந்து எடுத்துப்போனார்.

அவள் கட்டில் இருந்த இடத்தில் நாலு கால் தடம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு இன்னும் முழிப்பு வருகிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அப்பா விடியுமுன்னே மண்வெட்டியோடு போனார். ஆறு மணிக்குப் போன், மேல மதகு வரைக்கும் வந்துருச்சாம். அத்தையும் நானும் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினோம். பாலத்துக்குக் கீழே மணல் காய்ந்துதான் கிடந்தது, ஒரு பாம்பு மட்டும் வேகமாகக் குறுக்கே போனது. அப்புறம் வாசம். பிறகு வளைவில் நுரை, அதற்கு முன்னால் சருகு, சருகுக்கு முன்னால் எறும்பு. நடக்கிற வேகத்தில்தான் வருகிறது. அத்தை கரையிறங்கி மணலில் நின்றாள், என்னையும் கூப்பிடுகிறாள்