வெந்நீர் ஊற்றில் என்ன ஆராய்ச்சி?

“வெந்நீர் ஊற்றுல கிருமி தேடுறதுக்கெல்லாம் எதுக்குங்க மக்கள் வரிப்பணம்?”

இன்று பரிசோதனைக்கூடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். கையில் பிசிஆர் முடிவுத் தாள். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கிப் பார்க்கும் சோதனை அது.

1966-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றுகளில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் அப்படித்தான் தேடினார். மருந்தோ லாபமோ அவர் நினைப்பில் இல்லை. அவ்வளவு சூட்டில் உயிர் எப்படி வாழ்கிறது என்ற கேள்விதான்.

கிடைத்தது தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியா.

பிசிஆரில் டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். நகலெடுக்க ஆரம்பத்தில் பயன்படுத்திய நொதி (என்சைம்) அதில் கெட்டுவிடும். சுற்றுக்குச் சுற்று புதிதாகச் சேர்த்தார்கள். இந்தப் பாக்டீரியாவின் நொதி தாங்கியது.

சொன்னேன். “இதெல்லாம் யாரும் சொல்லலையே!” என்றார்.

நியாயமான வருத்தம். சொல்ல வேண்டியவை பல்கலைக்கழகங்கள். தரவரிசை வந்தால் முழுப்பக்க விளம்பரம் தருகிறார்கள். அரசு ஆய்வு நிதியை வெட்டும்போது பெரும்பாலும் மௌனம்.

தனி ஆய்வாளர் பேசினால் அவர் வேலைக்கே ஆபத்து வரலாம். துணைவேந்தர் பேசலாம். அமைச்சர் அறைக்குள் மட்டும் போதாது, மக்கள் முன்னால், மக்களுக்குப் புரிகிற பேச்சில்.

பட்டமளிப்பு மேடையிலேயே தொடங்கலாமே: இந்த ஆண்டு எங்கள் ஆய்வகங்களில் எந்தக் கேள்விக்கு விடை தேடினோம், ஏன் தேடினோம் என்று.