ஸ்கிரீனில் தெரிகிறது, ட்யூப் மட்டும் போகவில்லை

மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குழலுக்குள் ட்யூப் போட, கேமரா பொருத்திய வீடியோ லாரிங்கோஸ்கோப்புக்கு மாறும் எல்லாரும் முதல் சில வாரங்களில் கேட்பது இதைத்தான்: குரல்நாண் பளிச்சென்று தெரிகிறதே, ட்யூப் ஏன் உள்ளே போகவில்லை?

நேரடியாகக் கண்ணால் பார்க்கும் பழைய முறையின் வளைந்த தகடான மெக்கின்டாஷ் பிளேடில் சிரமமெல்லாம் பார்ப்பதில்தான். நாக்கை இடதுபக்கம் ஒதுக்கி, நுனியை வாலெகுலாவில் (நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவிலுள்ள குழி) நிறுத்தி, பல்லில் முட்டுக்கொடுத்து நெம்பாமல் கைப்பிடி நீளும் திசையிலேயே தூக்க வேண்டும். குரல்நாண் கண்ணுக்கு நேராக வந்துவிட்டால் கண் போன வழியில் ட்யூபும் போய்விடும். வீடியோவில் கண் இருப்பது பிளேடின் நுனிப்பக்கத்துக் கேமராவில். அது வளைவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறது. ட்யூபோ வாயில் தொடங்கி அந்த வளைவைத் தாண்டியாக வேண்டும்.

வீடியோ பிளேடு எல்லாம் ஒரே ஜாதி இல்லை. மெக்ராத் மேக், சி-மேக்கின் 3, 4 எண் பிளேடுகள் பழைய மெக்கின்டாஷ் வளைவுதான். பழைய கைப்பழக்கமே போதும், ட்யூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சியான பூஜியும் சுலபமாகப் போகும். சி-மேக் டி-பிளேடு, கிளைட்ஸ்கோப் போன்ற அதிக வளைவுள்ளவற்றில் நாக்கை ஒதுக்கக் கூடாது. வாயின் நடுக்கோட்டிலேயே இறக்க வேண்டும். இவற்றில் ஸ்டைலெட் (ட்யூபுக்குள் வைத்து வளைவைப் பிடித்து நிறுத்தும் கம்பி) இல்லாமல் கை வைக்காதீர்கள். சாதாரண பிளேடுக்கு ட்யூபைக் கஃப் (நுனிக்கு அருகே காற்றடைக்கும் பை) வரை நேராக வைத்து நுனியை மட்டும் 35 டிகிரிக்குள் வளைத்தால் போதும். இங்கே 60 முதல் 70 டிகிரி வேண்டும். பிளேடின் பக்கத்தில் வைத்து அதே வளைவுக்கு மடக்கிக்கொள்ளுங்கள். ஸ்டைலெட் நுனி ட்யூபைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆக்சிஜன் கொடுக்கும் மூன்று நிமிடத்திலேயே கருவியை ஆன் செய்துவிட்டால் லென்ஸில் ஆவி படிவது குறையும். பிளேடை விடுவதற்கு முன்பே சக்‌ஷன் போடுங்கள். லென்ஸில் எச்சில் ஒட்டிய பிறகு போட்டால் பிளேடை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். உடல் பருத்தவருக்குக் காதுத்துளையும் மார்பெலும்பின் மேற்குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்படி முதுகிலிருந்தே உயர்த்தி வைப்பது இரண்டு முறைக்கும் பொது. வீடியோ இருக்கிறதே என்று தலையணையில் அலட்சியம் காட்டுவதை அடிக்கடி பார்க்க முடிகிறது.

பார்வை நான்கு கட்டமாக மாற வேண்டும். பிளேடு உள்ளே போகும்போது வாயைப் பாருங்கள். நுனி நாக்கைத் தாண்டியதும் ஸ்கிரீன். ட்யூபை வலது கடைவாயில் நுழைக்கும்போது மறுபடி வாய். நுனி பிளேடை ஒட்டி வந்த பிறகுதான் மறுபடி ஸ்கிரீன். மூன்றாவது கட்டத்தைத் தாவிவிட்டால், கேமரா பார்க்காத இடத்தில் ட்யூப் குருடாகப் போகும். வலப்பக்க மெல்லண்ணமும் டான்சில் மடிப்பும் கிழிவது அங்கேதான்.

இனி, தெரிந்தும் போகாத சங்கதி. பிளேடை ஆழமாக விட்டு, குரல்நாண் ஸ்கிரீன் முழுக்க நிறைவதைப் பார்த்து மகிழ்வதுதான் முதல் தப்பு. அப்போது குரல்வளை முன்னோக்கி உயர்ந்து, திருப்பம் இன்னும் செங்குத்தாகிவிடும். ட்யூப் நுழையவும் இடம் இருக்காது. பிளேடைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, குரல்நாண் திரையின் மேல்பாதியில் சின்னதாகத் தெரியும்படி வையுங்கள். பாதி தெரிந்தால் போதும். ட்யூப் நுனி வலது அரிட்டினாய்டில் (குரல்நாணின் பின்முனையிலுள்ள குருத்தெலும்பு) தட்டினால் ட்யூபை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். குரல்நாணுக்குள் நுழைந்து அங்கேயே நின்றுவிட்டால், மேல்நோக்கி வளைந்த நுனி மூச்சுக்குழலின் முன்சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தள்ளாதீர்கள். உதவியாளர் ஸ்டைலெட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இழுக்கட்டும்; ட்யூபை வலஞ்சுழியாகத் திருப்பினால் சாய்வாய் வெட்டிய முனை வளையங்களில் மாட்டாமல் வழுக்கி இறங்கும்.

ஆழம் முன்பல்லில் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர் வாக்கில். கஃப் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள். உள்ளே போனதைக் கண்ணால் பார்த்திருந்தாலும் கேப்னோகிராஃபில் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலை தொடர்ந்து வந்தால்தான் கணக்கு.

எது மேல் என்ற கேள்விக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்தே பதில் இருக்கிறது. கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 8,429 அறுவை சிகிச்சைகளை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. ஒரு முயற்சிக்கு மேல் தேவைப்பட்டது அதிக வளைவுள்ள வீடியோ பிளேடில் 1.7 சதவீதம், நேரடி முறையில் 7.6 சதவீதம். முதல் பிளேடாக வீடியோவை எடுப்பதில் இனி தயங்க வேண்டியதில்லை. வாய் நிறைய ரத்தமோ வாந்தியோ இருந்தால் மட்டும் மெக்கின்டாஷ் வளைவுள்ள வீடியோ பிளேடை எடுங்கள். லென்ஸ் மூடிக்கொண்டாலும் குனிந்து நேராகப் பார்க்கலாம்.

கேஸ் ஷீட்டில் வெறும் 'கிரேடு 1' (குரல்நாண் நன்றாகத் தெரிந்தது) என்று எழுதுவது அடுத்தவரை ஏமாற்றும். கார்மக்கும் லெஹேனும் 1984-இல் அந்த கிரேடுகளை வகுத்தது நேரடிப் பார்வைக்கு. எந்த பிளேடு, எத்தனை முயற்சி, ட்யூப் எங்கே தட்டியது என்று எழுதுங்கள். பிளேடை எடுக்கும்போது அண்ணத்தையும் வலது டான்சில் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டே எடுங்கள். ட்யூப் சதையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.