காளத்தியில் ஒரு வெல்லப் பானை

வீட்டின் பின்கட்டில், வெயில் படாத மூலையில் இருந்த மண்பானையின் வாய்த்துணியை அந்த ஓவியர் அம்மா அவிழ்த்தபோது, கள்ளின் வாடையை ஒத்த புளிப்பு முதலில் எழுந்தது. அதற்கு அடியில் துருவின் வாடை. பானைக்குள் இருந்தவை வெல்லமும் தண்ணீரும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளும் மட்டுமே. ஏறத்தாழ மூன்று வாரம் ஊறிய அந்தக் கரைசல்தான் காளத்திக் கலம்காரியின், அதாவது இயற்கைச் சாயங்களால் துணியில் கையால் வரையும் ஓவியத்தின், கறுப்பு. அங்கே அதைக் ‘கசிம்’ என்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகளாக நான் சமையலறைப் பொருள்களைக் கொண்டு துணியில் படம் வரைந்து பார்த்து வருகிறேன். மஞ்சளும் பீட்ரூட்டும் தீட்டிய அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும். சன்னலோரம் சில நாள் இருந்தால் போதும், வெளிறிவிடும். காபி டிகாஷன் நிற்கும், ஆனால் பழுப்பைத் தாண்டி அதற்கு வேறு முகம் கிடையாது. கடைசியாக வெல்லமும் ஆணியும் ஊறப்போட்டுக் கறுப்பு எடுத்தேன். நிறம் வந்தது, கோடுதான் நிற்கவில்லை. துணியில் வைத்த மறுகணமே நூலுக்கு நூல் ஊர்ந்து, ஒரு புருவம் வரைந்தால் அது மீசையின் அகலத்துக்குப் பரவியது. காரணம் தெரியாமல் மூன்று துணிகளைக் கெடுத்த பிறகு, இதையே தலைமுறைகளாகச் செய்து வருபவர்களிடம் போய்க் கேட்பது என்று முடிவு செய்து, சென்னையிலிருந்து தடா வழியாகக் காளத்திக்குப் பேருந்து ஏறினேன்.

தேவாரம் பாடிய மூவரும் பாடிய தலம் அது. 2022 முதல் ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றைத் தெலுங்கில் சுவர்ணமுகி என்பார்கள். நமக்கு அது பொன்முகலி. தெருவில் தமிழ் பேசினால் தமிழிலேயே பதில் வருகிறது. நான் தேடிப்போன அம்மாவும், வயது அறுபதை நெருங்கியவர், தமிழில்தான் பேசினார். நான் கொண்டுபோயிருந்த கெட்டுப்போன துணியை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு, “துணிக்குப் பால் குடுத்தீங்களா, தம்பி?” என்று கேட்டார். கடுக்காய்த் தண்ணீரில் மட்டும் நனைத்ததாகச் சொன்னேன். “பால் இல்லாம எப்படி நிக்கும்? அதுவும் எருமைப்பால். ஆடை நல்லாப் படியற பாலா இருக்கணும்” என்றார்.

என் இரண்டு ஆண்டுக் குழப்பத்துக்கு இந்த ஒரு வாக்கியம்தான் விடை. காடாத் துணியை முதலில் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து அலசி வெளுப்பாக்குகிறார்கள். பிறகு இடித்த கடுக்காயைப் பாலில் கலந்து, அதில் துணியை முக்கிப் பிழிந்து வெயிலில் உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறிக்கொள்கிறது. பாலின் கொழுப்பும் புரதமும் நூலிழைகளுக்கு இடையே படிந்து, சாயம் ஊர்ந்து பரவாமல் தடுக்கின்றன. உலர்ந்த துணி இளமஞ்சளாகவும் சற்று மொடமொடப்பாகவும் இருக்கிறது. முகர்ந்தால் பழைய பால்பாத்திரத்தின் வாடை. நான் பாலை ஏதோ சடங்கு என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன். கோட்டைக் கோடாக நிறுத்துவதே அதுதான்.

அன்று அவர் வரைந்துகொண்டிருந்தது கண்ணப்பர். காளத்தி மலையில் தம் கண்ணை அகழ்ந்து அப்பிய அந்த வேடரை அந்த ஊரில் இருந்துகொண்டு வரையாமல் வேறு யாரை வரைவது! புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரியால் முதல் உருவம் ஏற்கனவே போட்டிருந்தார். அதன்மேல் கலம் ஓடியது. கலம் என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் இறுகக் கட்டியிருக்கிறார்கள். கம்பளி கசிமைக் குடித்து வைத்துக்கொள்ள, விரல்கள் அதை அழுத்தும் அளவுக்கு ஏற்ப நுனியில் இறங்குகிறது. துணியில் விழும்போது அது பழுப்புத் தண்ணீர்தான். விழுந்த இடத்தில் பார்த்துக்கொண்டே இருக்கையில் சாம்பலாகி, பிறகு கறுத்துவிடுகிறது. வெல்லம் புளித்து உண்டான அமிலம் கரைத்தெடுத்த இரும்பு, துணியில் காத்திருக்கும் கடுக்காயின் துவர்ப்போடு கூடிக் கறுப்பாகிறது. கறுப்பு பானையில் பாதி, துணியில் பாதி. இரண்டும் கலத்தின் நுனியில்தான் சந்திக்கின்றன.

இந்தக் கறுப்புக்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. காலப்போக்கில் இரும்பு பருத்தி நூலையே அரித்துவிடுகிறது. மிகப் பழைய துணிகளில் சிவப்பு அப்படியே இருக்க, கறுப்புக் கோடு ஓடிய தடத்தில் மட்டும் நூல் உதிர்ந்து போயிருப்பது அதனால்தான்.

மற்ற நிறங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடுக்காய்ப் பூவையும் மாதுளை ஓட்டையும் கொதிக்கவைத்தால் மஞ்சள் கிடைக்கிறது, நீலத்துக்கு அவுரி. இவற்றில் பெரும்பாலானவை நாட்டு மருந்துக் கடையிலோ அஞ்சறைப் பெட்டியிலோ நாம் தினமும் பார்ப்பவை. மங்கிப்போக இருந்த இந்தக் கலைக்கு 1950களில், கைவினைக் கலைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் இங்கே பயிற்சி மையம் அமைந்தது. இவ்வூரின் கலம்காரிக் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் அந்த அம்மாவின் பேச்சில் விருதுகள் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் அடிக்கடி வந்தது. ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். பொன்முகலியோ ஆண்டின் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆறு.

மாலையில் இன்னொரு கலத்தை எடுத்தார். இம்முறை கிண்ணத்தில் இருந்தது படிகாரத் தண்ணீர். கண்ணப்பர் கண்ணிலும் அதிலிருந்து வழியும் இடத்திலும் அதைத் தொட்டு வைத்தார். ஈரம் காய்ந்ததும் எதுவுமே செய்யாதது போல இருந்தது. “சிவப்பு எங்கே, அம்மா?” என்று கேட்டேன். “வெச்சாச்சு. நாளைக்கு ஊறட்டும். மறுநாள் அடுப்புல வெச்சாத்தான் தெரியும்” என்றார். அன்றிரவே திரும்பியிருக்க வேண்டிய நான் விடுதியில் இன்னும் இரண்டு நாள் அறை கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை துணியை ஆற்றில் அலசிக்கொண்டு வந்து, மஞ்சிட்டி வேர் கொதிக்கும் அண்டாவில் இறக்கினார். முன்பு இதற்குச் சாயவேர் என்ற, சிவப்புத் தரும் வேறொரு செடியின் வேரைப் போடுவார்களாம். நீண்ட கழியால் துணியைப் புரட்டிக்கொண்டே இருந்தார்; அண்டா முழுவதும் ஒரே செந்நீர், எதுவும் பிரித்தறிய முடியவில்லை. அரை மணி நேரத்துக்குமேல் கழிந்திருக்கும். கழியில் ஒரு முனையைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். துணி எங்கும் மங்கலான செம்மை. அதை அலசி அலசிப் போக்கிவிடலாம் என்றார். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும், கண்ணப்பரின் வலக்கண்ணிலிருந்து கன்னம் வரை, அடர்ந்த சிவப்பு கறுப்புக் கோட்டுக்குள் ஒரு நூல்கூடத் தாண்டாமல் நின்றது.