குளியலறைக் கதவு நிலை அடியில் மட்டும் ஏன் இத்துப்போகிறது?

கதவு நிலையின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது என்றால், நம் வீடுகளில் முதல் பழி கரையான் மேல்தான். உடனே மருந்து அடிக்க ஆள் கூப்பிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்தி, உதிர்வதைக் கையில் வைத்துப் பாருங்கள். கரையான் என்றால் பெரும்பாலும் மண் இருக்கும், குடைந்த வழி தெரியும். மண்ணே இல்லாமல், மரம் கரும்பழுப்பாகி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பெயர்ந்து, விரலில் தேய்த்தால் காப்பித்தூள் மாதிரி பொடியாகிறதா? பூஞ்சையின் வேலை. பழுப்பு அழுகல்.

இது மரத்துக்குள் நுழையும் விதம் என்னை அசத்துகிறது. மரத்தின் செல் சுவரில் செல்லுலோஸ் நார்களை லிக்னின் இறுக்கிப் பிடித்திருக்கிறது, அந்த இடுக்கில் போக முடியாத அளவுக்குப் பூஞ்சையின் என்சைம்கள், அதாவது மரத்தைச் செரிக்க அது சுரக்கும் புரதங்கள், பெரியவை. அதனால் அது முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடை இரும்போடு வினைபுரிய வைத்து, அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் என்ற, எதையும் தாக்கும் சிறு துகள்களால் செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டாடிவிடுகிறது. அப்புறம்தான் என்சைம்கள் வந்து அதைச் சர்க்கரையாக்குகின்றன. மிஞ்சுகிற லிக்னின்தான் அந்தப் பழுப்பு. சங்கிலி அறுந்ததுமே வலு போய்விடுவதால், எடை 10 சதவீதம் குறைவதற்குள் மரம் பாதி பலத்தை இழந்திருக்கலாம், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். வெள்ளை அழுகல் வேறு கூட்டம், லிக்னினையும் தின்னும், மரம் வெளுத்து நார்நாராகும். நாம் சாப்பிடும் சிப்பிக் காளானும் அந்தக் கூட்டம்தான்.

சரி, ஏன் அடியில் மட்டும்? ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள மரத்தில் பூஞ்சை தலைகாட்டாது, அது பிடித்துப் பரவ 30 சதவீதத்தை ஒட்டி வேண்டும். நிலைக்காலின் வெட்டுமுனை தரை சிமென்ட்டுக்குள் இருக்கிறது, இழைகளின் வாய் திறந்திருப்பது அங்கேதான், தினமும் கழுவி விடும் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் பெயின்ட் பூசியிருந்தால் ஏறிய ஈரம் காயவும் வழியில்லை. கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கெல்லாம் அவ்வளவு செலவழித்துவிட்டு, அந்த அடிமுனைக்கு ஒரு கோட் பிரைமர்கூட அடிக்காமல் நிறுத்துகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

தேக்கு என்பதால் தப்பிக்கும் என்று நம்பவும் முடியாது. வைரம் பாய்ந்த நடுப்பகுதியில்தான் பூஞ்சையைத் தடுக்கும் சத்து இருக்கிறது. ஓரத்து வெளுத்த மரத்துக்கு அது கிடையாது, இளமரத்தில் அந்த வெளுப்பே அதிகம்.

இத்துப்போன நிலையில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கெட்டியான மரம் தட்டுப்படும் இடத்துக்கும் கொஞ்சம் மேலே வரை வெட்டி எடுத்துவிட்டு, அடியில் மரத்துக்குப் பதிலாகக் கருங்கல் துண்டு வைத்து நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் அங்கே தேங்காதபடி தரைச் சரிவையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.